தண்ணீர் வராத இரவுக்கும் கணக்குக் கேட்போம்

2024 அக்டோபர் 16. சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை. முதல் நாள் மழை கொட்டியிருந்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. ஐடி நிறுவனங்களில் வீட்டிலிருந்தே வேலை. வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தினார்கள். கடைகளில் பாலும் ரொட்டியும் மெழுகுவத்தியும் தீர்ந்துபோயின. பிறகு எதிர்பார்த்த மழை பெய்யவில்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து, 17-ஆம் தேதி அதிகாலையில் கரையைக் கடந்து ஓய்ந்தது. அன்று காலை தாம்பரத்து டீக்கடைகளில் ஒரே பேச்சு: “தூறலுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? சும்மா பீதியக் கிளப்பி விட்டுட்டாங்க.”

அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னால், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில், மிக்ஜாம் புயல் சென்னைக்கு நேரே கடலில் ஊர்ந்தபடி கொட்டித் தீர்த்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் தரைத்தள வீடுகள் மூழ்கின. அப்போது இதே டீக்கடைகளில் கேட்ட கேள்வி வேறு: “முன்னாடியே ஏன் சொல்லல? ஏன் ஜனங்கள வெளியேத்தல?”

இரண்டு பேச்சுக்கும் அடியில் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தண்ணீர் வந்ததா, வரவில்லையா. வந்துவிட்டால், வெளியேறச் சொல்லாத அதிகாரி குற்றவாளி. வராவிட்டால், வெளியேறச் சொன்ன அதிகாரி கோழை. ஆட்சியரையும் மேயரையும் ஊராட்சித் தலைவரையும் வார்டு கவுன்சிலரையும் நாம் இப்படித்தான் எடைபோடுகிறோம். பத்திரிகைகளும் இப்படித்தான் எழுதுகின்றன, கட்சிகளும் இப்படித்தான் அறிக்கை விடுகின்றன.

இந்த அளவுகோலை நான் முழுதாக மறுக்கிறேன். அது அதிகாரிகளுக்கு அநியாயம் செய்கிறது என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், அது நம் உயிருக்கு ஆபத்து. அடுத்த வெள்ளத்தில் எத்தனை பேர் நள்ளிரவில் இருட்டில் மாட்டிக்கொள்வார்கள் என்பது, இன்று நாம் யாரைப் பழிக்கிறோம், யாரைப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

முடிவெடுக்க வேண்டியவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். மாலை 4 மணி. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு கையில் இருக்கிறது. சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள். மாவட்டத்தில் எங்கே பெய்யும்? அறிவிப்பில் தெரு பெயர் இருக்காது. புயலுக்குப் பெயர் இருக்கிறதா, எங்கே கரை கடக்கிறது என்பவையும் அவருக்குப் பெரிய உதவியாக இருக்காது. மிக்ஜாம் சென்னையைத் தொடவே இல்லை. டிசம்பர் 5-இல் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையேறியது. ஆனால் நம்மை மூழ்கடித்தது. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. தாம்பரத்தில் 31 சென்டிமீட்டர் பெய்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னைமீதே ஏறி வந்தது. அது காற்றாலும் விழுந்த மரங்களாலும் நினைவில் நிற்கிறது. எல்லாவற்றிலும் கொடியதாகிய 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழைக்கோ புயல் என்ற பெயரே கிடையாது. பெயரில்லாத அந்த மழையில்தான் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின.

இப்படிப்பட்ட நிச்சயமின்மைக்கு நடுவில் எடுக்கும் முடிவை, நிச்சயம் தெரிந்தபின் எடைபோடுவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையைப் பாராட்டுவது போன்றது. மனித மனத்துக்கு இந்தப் பிழை இயல்பு. 1988-இல் ஜொனாதன் பாரன், ஜான் ஹெர்ஷி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு மருத்துவர் அறுவைச் சிகிச்சை செய்ய எடுத்த முடிவை, அதே தகவல்களோடு, இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒன்றில் நோயாளி பிழைத்தார், மற்றொன்றில் இறந்தார். முடிவு ஒன்றே என்றாலும், நோயாளி இறந்ததாகக் கேட்டபோது மருத்துவரின் முடிவு தவறு என்று மக்களுக்குத் தோன்றியது. ஆட்சியர்களை நாம் எடைபோடுவதும் அச்சாக இப்படியே.

“எதற்கு இவ்வளவு குழப்பம்? சந்தேகம் வந்தால் எல்லாரையும் வெளியேற்றிவிட வேண்டியதுதானே” என்பார்கள். அதற்கும் விலை உண்டு என்பதை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 2005 செப்டம்பரில் ரீட்டா புயலுக்கு அஞ்சி அந்த வட்டாரத்தில் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கினார்கள். கொதிக்கும் வெயிலில் மணிக்கணக்காக வண்டிகள் நகரவில்லை. முதியோர் இல்லத்திலிருந்து ஏற்றிச் சென்ற பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். புயல் கொன்றதைவிட, புயலுக்குப் பயந்து ஓடியதில் இறந்தவர்கள் அதிகம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது மேயர் சில்வெஸ்டர் டர்னர் நகரத்தைக் காலிசெய்யச் சொல்லவில்லை. மாநில ஆளுநர் வேறு குரலில் பேசினார். பிறகு நகரம் மூழ்கியது. ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களைத் திறக்க வேண்டியதாயிற்று. உலகமே மேயரைத் திட்டியது. ஆனால் 12 ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் செத்தவர்களை அவர் மறக்கவில்லை. லட்சக்கணக்கான கார்கள் சாலையில் நிற்கும்போது அந்த மழை பெய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று, அவரைத் திட்டியவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

நம் பக்கத்துக்கு வாருங்கள். தாம்பரம் – முடிச்சூர் சாலையில் இரவு 10 மணிக்கு, மின்சாரம் நிறுத்தப்பட்டபின், முழங்கால் நீரில், குழந்தையையும் சர்க்கரை நோயாளியான தாயையும் அழைத்துக்கொண்டு கிளம்பச் சொல்வது வெளியேற்றம் ஆகுமா? அந்த நேரத்தில் மாடிக்கு ஏறச் சொல்வதே சரியான முடிவாக இருக்கலாம். அதே தெருவில் மாலை 4 மணிக்கு வண்டி வைத்து அழைத்துப் போயிருந்தால் அதுவே சரி. வெளியேற்றியதா இல்லையா என்ற கேள்வியே அரைகுறை. எப்போது, யாரை, எங்கே, எதில் ஏற்றி என்பதில்தான் முடிவின் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

அடுத்து, எல்லாரும் சொல்லும் அந்தப் புலிக் கதைக்கு வருகிறேன். “புலி வருது, புலி வருது என்று சும்மாச் சும்மா சொன்னால், நிஜமாகப் புலி வரும்போது எவனும் நம்பமாட்டான்” என்று தண்ணீர் வராத ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பிறகும் கேட்கிறோம். இந்தக் கதையை இங்கே இழுப்பது பெரும் தவறு. கதையில் வரும் பையன் பொய் சொன்னான். புலி இல்லையென்று தெரிந்தே, வேடிக்கைக்காகக் கத்தினான். 2024 அக்டோபரில் யாரும் பொய் சொல்லவில்லை. கடலில் புலி இருந்தது. வேறு பக்கம் போனது. அதே பருவத்தில், நவம்பர் 30-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. விழுப்புரம் மாவட்டம் மூழ்கியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையெங்கும் வெள்ளம். அக்டோபரில் தாம்பரத்துக்குக் கிடைத்த நல்ல காலம் டிசம்பரில் விழுப்புரத்துக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

அக்டோபரில் எச்சரித்தவர்களைக் கேலி செய்தபோது நாம் ஒரு பாடம் கற்பித்தோம். “சொல்லி, நடக்காவிட்டால் அவமானம். சொல்லாமல் இருந்து, நடக்காவிட்டால் ஒன்றுமில்லை.” அதிகாரி இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொள்வார். அடுத்த முறை சந்தேகம் வரும்போது, இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று காத்திருப்பார். இருட்டிவிடும். ஒரு நாள் விடுமுறையின் இழப்பு பெரிதா, ஓர் இரவின் இழப்பு பெரிதா என்று நாம் அவருக்குச் சொல்லித்தரவே இல்லை.

பழிப்பதில் மட்டுமல்ல, பாராட்டுவதிலும் நமக்குக் கண் சரியில்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் செய்தித்தாளில் வரும் படம் எது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் நிற்கும் தலைவர். ஃபைபர் படகில் குழந்தையோடு வரும் தாய். 2015-இல் தங்கள் படகுகளோடு நகருக்குள் வந்து உயிர்காத்த மீனவர்களை நான் வாழ்நாள் முழுதும் வணங்குவேன். அவர்கள் கடமைப்பட்டவர்களாக வரவில்லை, மனிதர்களாக வந்தார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. படகு வந்தால் அது மீட்பு. வேன் வந்தால்தான் அது வெளியேற்றம். தெருவுக்குள் படகு வந்துவிட்டது என்றால், வேன் வரவேண்டிய நேரத்தை யாரோ தவறவிட்டார்கள் என்று பொருள். மாலை 4 மணிக்கு வந்த வேனில், கால் நனையாமல் ஏறிப்போன பாட்டியை யாரும் படம் எடுப்பதில்லை. அவரை ஏற்றிவிட்ட கிராம நிர்வாக அலுவலரின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. தண்ணீரில் நின்றவருக்கு மாலை; தண்ணீர் வருமுன் வந்தவருக்குத் “தேவையில்லாத தொந்தரவு” என்ற ஏச்சு. வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்று பழமொழி வைத்திருக்கும் சமூகம், அணை கோலியவனை மதிக்கக் கற்கவில்லை.

அப்படியானால் அதிகாரிகளுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதித் தருகிறேனா? இல்லை. நான் சொல்லும் அளவுகோல் இப்போதுள்ளதைவிடக் கடுமையானது. அன்று, அந்த மணிக்கு, அவருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன். 2015-ஐ இந்த அளவுகோலில் வையுங்கள்.

டிசம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பே, நவம்பர் நடுவிலேயே, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது. ஏரிகள் நிறைந்திருந்தன. மண் இனிமேல் ஒரு சொட்டு குடிக்காது என்ற நிலை. எந்தெந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நீர் ஏறும் என்பதற்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய சேற்றுக் கோடு சுவரிலேயே இருந்தது. டிசம்பர் 1-இல் 49 சென்டிமீட்டர் பெய்யும் என்று யாருக்கும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். 20 சென்டிமீட்டர் பெய்தாலே இந்தத் தெருக்கள் தாங்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டும் தரைத்தளத்து மக்களை முன்கூட்டி நகர்த்தாதது குற்றம். வெறும் 15 சென்டிமீட்டரோடு அந்த மழை நின்று, ஒரு வீடும் மூழ்காமல் போயிருந்தாலும் அது குற்றமே. நம்முடைய பழைய அளவுகோல் இந்தக் குற்றவாளியைத் தப்பவிட்டுவிடும். என்னுடையது விடாது.

2015 பற்றிய விவாதம் முழுவதையும் நாம் செம்பரம்பாக்கத்தின் மதகில் கட்டிப்போட்டோம். யார் உத்தரவுக்கு யார் காத்திருந்தார், எத்தனை மணிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பதே கேள்வியாகிவிட்டது. அது கேட்க வேண்டிய கேள்விதான். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும் அதை மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்றது. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கத்தில் இருக்கின்றன. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் முதலான ஏரிகளின் கலங்கல் வழிந்து வந்த நீர். செம்பரம்பாக்கத்தின் மதகை அன்று யாரும் தொடாமல் இருந்திருந்தாலும் நாங்கள் மூழ்கியிருப்போம். ஒரு மதகுக்கும் ஒரு கையெழுத்துக்கும் எல்லாப் பழியையும் ஏற்றியதால், இந்தச் சின்ன ஏரிகளின் கரையில் நின்று நீர்மட்டம் பார்த்து, கீழே உள்ள ஊருக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஏரிச் சங்கிலி ஒரேயடியாக நிறைவதில்லை. மேல் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, அடுத்த ஏரிக்குப் போய், அது நிரம்பி வழிய நேரம் பிடிக்கும். “ஏரி கலங்கல் போவுது” என்பது இந்தப் பக்கத்துப் பழைய குடிகளுக்கு வெறும் செய்தியல்ல, எச்சரிக்கை. மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவதற்கான சொல் அது. அந்தச் சில மணி நேரம்தான் ஓர் உள்ளாட்சித் தலைவருக்கு இயற்கை கொடுக்கும் அவகாசம். அதை அவர் பயன்படுத்தினாரா என்பதே அவரை எடைபோடும் கல்.

மிக்ஜாம் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் 3-ஆம் தேதி சாயங்காலம் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. “தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று பதிவுசெய்த குரல் திரும்பத் திரும்ப ஓடியது. கீழ்வீட்டில் குடியிருந்த அம்மா வாசலுக்கு வந்து மாடியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

“தம்பி, நாம தாழ்வான பகுதியா?”

“தெரியலம்மா. 2015-ல இந்தத் தெருவுல இடுப்பளவு நின்னுச்சு.”

“நான் அப்ப இங்க இல்லப்பா. வாடகைக்கு வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது.”

எங்கே போவது என்று ஆட்டோ சொல்லவில்லை. எப்போதைக்குள் என்று சொல்லவில்லை. யார் வந்து அழைத்துப் போவார்கள் என்றும் சொல்லவில்லை. இரவு 2 மணிக்குக் குளியலறைக் குழி வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாங்கள் மூன்று பேர் மாடிக்குத் தூக்கினோம். மாத்திரைப் பெட்டி கீழேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தார்.

எச்சரித்தோம் என்று ஏட்டில் எழுதியிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் கேட்டவருக்குத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாத எச்சரிக்கை, எச்சரிக்கையே அல்ல. “தாழ்வான பகுதி” என்பதை நான் இனி எந்த அறிவிப்பிலும் கேட்க விரும்பவில்லை. தன் வீட்டைத் தாழ்வானது என்று எந்த மனிதரும் நினைப்பதில்லை. தெருவின் பெயரைச் சொல்லுங்கள். தரைத்தளம் என்று சொல்லுங்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கல்யாண மண்டபம், எத்தனை மணி என்று சொல்லுங்கள்.

“சொன்னாலும் ஜனங்கள் போகமாட்டார்கள்” என்பது அதிகாரிகள் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் பதில். நம்மில் பலரும் அதை ஏற்றுக்கொண்டு, மாட்டிக்கொண்டவர்கள்மீதே பழியைப் போடுகிறோம். அவர்கள் ஏன் போவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திருட்டு பயம். முகாமில் பெண்களுக்குக் கழிவறை சரியாக இருக்காது. நாயையும் மாட்டையும் எங்கே விடுவது? சிலிண்டரும் ஃபிரிட்ஜும் தவணை முடியாத தையல் மிஷினும் போனால் யார் தருவார்கள்? இவற்றில் ஒன்றுகூட முட்டாள்தனம் இல்லை. தெருமுனையில் ஒரு போலீஸ்காரர், முகாமில் தாழ்ப்பாள் போட்ட கழிவறை, சாமான்களைக் கட்டில்மேல் ஏற்ற இரண்டு ஆள் என்று இருந்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். ஜனங்கள் மறுத்தார்கள் என்று சொல்லும் தலைவரிடம், அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி நீங்கள் என்ன செய்து வைத்திருந்தீர்கள் என்று கேட்பதே முறை.

பழியைச் சுமத்துமுன் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். ஏரிகள் நீர்வளத் துறையிடம். மீட்புக்குத் தீயணைப்புத் துறை. தெருவும் வடிகாலும் உள்ளாட்சியிடம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் அதில் சேரவில்லை, ஊராட்சியாகவே இருந்தது. பக்கத்து வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். முடிச்சூரும் தாம்பரமும் செங்கல்பட்டு மாவட்டம். மணிமங்கலம் ஏரி ஒரு மாவட்டத்தில் வழிந்தால் இன்னொரு மாவட்டத்தின் தெரு நிறைகிறது. தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது, கோப்புக்குத் தெரியும். இந்த நிலையில் “மேயர் என்ன செய்தார்” என்று தொலைக்காட்சியில் கத்துவது சுலபம். மேல் ஏரியின் நீர்மட்டத்தை மணிக்கு ஒருமுறை கீழ் ஊருக்குச் சொல்லும் பொறுப்பு எந்த நாற்காலிக்கு என்று எழுதி வாங்குவதுதான் கடினம். நாம் சுலபமானதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

என் வாதத்துக்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை மழுப்ப விரும்பவில்லை. “விளைவைப் பார்க்காதே, அன்றைக்குத் தெரிந்ததைப் பார் என்றால், ஒவ்வொரு அதிகாரியும் ‘எனக்கு அன்று தெரியாது’ என்று கைவிரித்துவிடுவார். செத்தவர்களின் எண்ணிக்கை ஒன்றைத்தான் அவர்களால் மறைக்க முடியாது. அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா?” சாவு வீட்டிலிருந்து வரும் கேள்வி இது. இதற்குமுன் நான் தலைகுனிகிறேன்.

ஆனாலும் என் பதில் மாறவில்லை. சாவு எண்ணிக்கை விசாரணையைத் தொடங்கும் காரணமாக இருக்கட்டும். தீர்ப்பாக இருக்க வேண்டாம். தெரியாது என்று சொல்ல முடியாதபடி செய்வதற்கு வழி இருக்கிறது. எந்த மணிக்கு எந்த எச்சரிக்கை வந்தது, எந்த ஏரி எந்த அளவில் இருந்தது, யார் யாருக்குத் தொலைபேசினார், என்ன முடிவெடுத்தார் என்பதை மணிவாரியாகப் பதிவேட்டில் எழுதி, மழை நின்ற ஒரு மாதத்துக்குள் வெளியிட வேண்டும். தண்ணீர் வந்த ஆண்டில் மட்டும் வெளியிட்டால் போதாது. வராத ஆண்டிலும் வெளியிட வேண்டும். 2024 அக்டோபர் 16-இன் பதிவேட்டை நான் பார்க்க விரும்புகிறேன். அன்று 20 சென்டிமீட்டர் பெய்திருந்தால் எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வேன் வந்திருக்கும்? முகாமின் சாவி யாரிடம் இருந்தது? அந்தக் கேள்வியை நாம் கேட்கவில்லை. தூறலைக் கண்டு சிரித்துவிட்டுப் போனோம். நல்ல காலத்தால் தப்பிய அலட்சியம், அடுத்த ஆண்டு அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இது நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம். 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது அதே மாநிலம் ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தியது. இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. 2019 மே மாதம் ஃபானி புயலுக்கு 12 லட்சம் பேர். இத்தனை பேரின் ஊர்களில் பலவற்றில் தண்ணீர் ஏறவில்லை, கூரை பறக்கவில்லை. அவர்கள் வீண் அலைச்சல் என்று ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்து அடுப்பை மூட்டினார்கள். நம் தமிழ்நாட்டிலும் 2018 நவம்பரில் கஜா புயலுக்கு முன் டெல்டா கடற்கரையில் 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குப் போனார்கள். அந்த முன்னேற்பாட்டை அப்போதைய எதிர்க்கட்சித் தலைவரும் வாய்விட்டுப் பாராட்டினார். கடலோர மீனவக் கிராமத்துக்கு நாம் கற்றுக்கொண்ட அந்தப் பழக்கம், ஏரிகளுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்ட தாம்பரத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. கடல் பொங்கினால் ஓட வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஏரி வழிந்தால் கிளம்ப வேண்டும் என்பதை மறந்துவிட்டோம்.

இனி ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும், அக்டோபர் முதல் வாரத்திலேயே, நம் ஊராட்சித் தலைவரிடமும் கவுன்சிலரிடமும் இதைக் கேட்போம். எந்த ஏரி எந்த அளவைத் தொட்டால் எங்கள் தெருவைக் காலிசெய்யச் சொல்வீர்கள்? அந்த அளவை இன்றே எழுதி ஒட்டுங்கள். அந்த அளவு வந்ததும் நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் போனோம், தண்ணீர் வரவில்லை என்றால், உங்களைத் திட்டமாட்டோம். சொன்ன சொல்லைக் காத்தவர் என்று மதிப்போம். அந்த அளவு வந்தும் நீங்கள் வாய் திறக்காமல், தண்ணீரும் வராமல் போனால், அன்று காலையிலேயே உங்கள் வாசலில் வந்து நிற்போம். இந்த வாக்கை நாம் கொடுக்காமல், அவர்களிடம் துணிச்சலை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

மிக்ஜாம் வடிந்தபின் கீழ்வீட்டு அம்மா வாசல் சுவரில் சேற்றுக் கோடு நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். கீழே தேதி எழுதச் சொன்னார், நான் எழுதினேன். அடுத்த மழைக்குள் அவர் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். இப்போது அந்த வீட்டில் ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள், கைக்குழந்தையோடு. சாக்பீஸ் கோடு அழிந்துவிட்டது. அதே இடத்தில் நான் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். குடிவந்த அன்று அந்தப் பெண் அதைக் காட்டி என்னவென்று கேட்டார். “நாம தாழ்வான பகுதிதாம்மா” என்றேன். எங்கள் தெருவில் ஒருவருக்காவது அது இப்போது தெரியும்.